கூட்டத்துக்கு ஒரு குளிர்பானம்



கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் வாடிப்போகின்றன. மழையை மேற்கு மலைகளிலேயே இறக்கிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் எம்மிடம் கொண்டுவரும் காற்று இது. எமது சங்கக் கூட்டங்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. மாரியில் வெள்ளம் வந்தால் படுவான்கரையின் பல ஊர்களுக்குப் போய்வருவது சிரமம். ஆகவே கோடையில் கூடுகிறோம், வெயிலில் வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கிறோம். இம்மாதம் அந்தக் குடிபானத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். செய்முறையைச் சொல்லுமுன் அதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

மண்முனைத்துறையில் முன்பு ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். 2014 இல் பாலம் திறக்கப்பட்ட பின் அந்தக் காத்திருப்பு இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்தப் பாலத்தால் நானும் ஒரு முச்சக்கரவண்டியில் போத்தல் சோடாக்களை அடுக்கிக்கொண்டு ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். முன்பள்ளிக் கட்டடத்தில் 25 பெண்கள். தகரக் கூரை. பதினொரு மணிக்கு எல்லோருக்கும் சோடா ஊற்றிக் கொடுத்தோம்.

கூட்டம் முடிந்து கோப்பைகளை எடுக்கும்போது பார்த்தால், பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. சிலர் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். சிலர் உதட்டை நனைத்துவிட்டு வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த வயதான அம்மாவிடம், “இந்த வெயிலுக்குக் குடிச்சிருக்கலாமே அம்மா” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “குடிச்சாப் பொறகு எங்க மனே போற?” என்று கேட்டார்.

கட்டடத்தின் பின்னால் மலசலகூடம் ஒன்று இருந்தது. கதவின் கொண்டி உடைந்திருந்தது. உள்ளே வாளி இல்லை, தண்ணீர் இல்லை. காலை எட்டரைக்கு வந்தவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதற்காக வீட்டிலிருந்து புறப்படும்போதே தேநீரைக்கூடக் குடிக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள்.

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பெண்களின் பங்குபற்றல் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அன்று வரவுப் பதிவேட்டில் 25 கையொப்பங்கள் இருந்தன. அவர்கள் எல்லோரும் தாகத்தோடு இருந்தார்கள் என்பது என் அறிக்கையில் இல்லை. அதற்கு முன் நான் நடத்திய எத்தனை கூட்டங்களில் இப்படி நடந்திருக்கும் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

இது சிறிய விடயம் அல்ல. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்று ஏற்படலாம். தலையிடி, மயக்கம் வரும். நாளடைவில் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். கர்ப்பிணித் தாய்மாருக்குத் தொற்று ஏற்பட்டால் குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோகலாம். கூச்சத்தினால் இவற்றை வைத்தியரிடம்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் எம்மில் பலர்.

அடுத்த மாதம் கூட்டத்துக்கு முதல்நாளே போனோம். கதவுக்குப் புதிய கொண்டி, ஒரு வாளி, ஒரு கோப்பை, சவர்க்காரம், வாசலில் மறைப்புக்கு ஒரு பழைய சாரி. அதிக செலவில்லை. சோடாவை விட்டுவிட்டு, நாமே கரைக்கும் சர்பத் கொடுப்போம் என்று முடிவு செய்தோம்.

அதிலும் முதல்முறை நான் பிழை விட்டேன். குளிர்மைக்காகத் துறைப் பக்கமிருந்து ஐஸ் கட்டி வாங்கி உடைத்துப் போட்டேன். அன்றிரவு இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஜீவனி கரைத்துக் கொடுத்து, ஒரு பிள்ளையை வைத்தியசாலைக்கும் கொண்டுபோய், இரண்டு நாளில் சுகமானது. ஐஸ்தான் காரணமென்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. ஆனால் மீன் விற்கும் சகோதரி ஒருவர் என்னிடம் நேரே கேட்டார்: “அது மீனுக்குப் போடுற ஐஸெல்லுவா தங்கச்சி, அதக் குடிக்கக் குடுப்பாங்களா?” மீனைப் பழுதாகாமல் வைப்பதற்காகச் செய்யும் ஐஸ், குடிநீரில் செய்யப்பட்டது என்று நாம் நம்ப முடியாது. அது சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து வரப்படுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளிரில் கிருமிகள் ஒடுங்கும், ஆனால் எல்லாம் சாகாது.

அதன் பிறகு அந்தப் பெண்களே கூடிக் கதைத்து உருவாக்கிய முறைதான் கீழே உள்ளது. 25 பேருக்கு ஒவ்வொரு கோப்பை கொடுத்து, இன்னும் சிலருக்கு இரண்டாம் முறையும் ஊற்றப் போதுமானது.

தேவையான பொருட்கள்

நன்னாரி வேர் – 50 கிராம்
இஞ்சி – 100 கிராம்
புதினா இலை – இரண்டு கைப்பிடி
தேசிக்காய் – 15
நன்கு பழுத்த வெள்ளரிப்பழம் – நடுத்தர அளவில் 1
சீனி – 300 கிராம்
உப்பு – 1 தேக்கரண்டி
கசகசா – 3 மேசைக்கரண்டி
கொதித்தாறிய நீர் – 5 லீற்றர்

செய்முறை

முதல்நாள் மாலையே தண்ணீரைக் கொப்பளிக்கக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். வாவிக்கரைக் கிணறுகள் சிலவற்றில் கோடையில் உவர் ஏறும். கொதிக்கவைப்பதால் கிருமி சாகுமே தவிர உவர் போகாது. அப்படியான இடங்களில் குழாய்நீரையோ நல்ல தண்ணீர்க் கிணற்று நீரையோ எடுத்துக் கொதிக்கவையுங்கள்.

நன்னாரி வேரை மண்போகக் கழுவி, இடித்து, இஞ்சியையும் நசுக்கி ஒரு சட்டியில் போடுங்கள். அந்த 5 லீற்றரில் ஒன்றரை லீற்றரைக் கொதிக்கக் கொதிக்க இதன்மேல் ஊற்றி, உடனே மூடிவிடுங்கள். வேரை அடுப்பில் வைத்து நெடுநேரம் அவிக்க வேண்டாம். நன்னாரியின் வாசம் ஆவியோடு போய்விடும். விடியும்வரை மூடியிருந்தால் சாறு நன்றாக இறங்கும். காலையில் துணியில் வடித்து, சீனியையும் உப்பையும் கரையுங்கள்.

கசகசாவைக் கழுவி, கொதித்தாறிய நீரில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். எமது கடைகளில் சர்பத்துக்கும் பலூடாவுக்கும் தரும் கறுப்பு விதையைத்தான் சொல்கிறேன். அது துளசி இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சையின் விதை. குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா வேறு. அது ஊறினாலும் இப்படிப் பொங்காது.

வெள்ளரிப்பழத்தை வெட்டுமுன் தோலை நன்றாகக் கழுவுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. விதை நீக்கி, சதையைக் கரண்டியால் மசித்துக்கொள்ளுங்கள். பழம் ஏற்கனவே வெடித்திருந்தால், அன்று காலையில் வெடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

தேசிப்புளியைக் கடைசியாக, எல்லாம் ஆறிய பின் விடுங்கள். அலுமினியப் பாத்திரம் பாவிக்க வேண்டாம். புளி அதை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரமோ மண்பானையோ நல்லது. மிகுதி நீர், பழம், கசகசா, கையால் கசக்கிய புதினா எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள். குளிர்மைக்கு ஐஸ் தேவையில்லை. பானையை ஈரச்சாக்கால் சுற்றி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். எம்மை வாட்டும் கச்சான் காற்றே அந்த ஈரத்தை உலர்த்தி, பானையைக் குளிரவைக்கும்.

சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. அப்படியான சோடா ஒரு கோப்பையில், அதாவது 200 மில்லிலீற்றரில், நான்கு தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கும். நமது பானத்தில் நாம் சேர்ப்பது கோப்பைக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. நீரிழிவு உள்ள சகோதரிகளுக்குச் சீனி போடுமுன்பே ஒரு செம்பு எடுத்து, உப்பும் புளியும் மட்டும் விட்டு வையுங்கள். இது தாகம் தீர்க்கும் பானம், மருந்து அல்ல. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிதான் கொடுக்க வேண்டும்.

தாகத்துக்குக் கொடுப்பது எமது மண்ணில் புதிய பழக்கம் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்குக்குப் போகிறோம். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் பந்தல் போட்டுக் கொடுக்கிறோம். நோன்பு திறக்கும் வேளையில் காத்தான்குடியில் கசகசா மிதக்கும் சர்பத்தை அயல்வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். இந்த இடங்களிலெல்லாம் கரைப்பவர்கள், ஊற்றுபவர்கள், கோப்பை கழுவுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பானையின் அடியில் மிஞ்சியதைக் குடிப்பவர்களும் அவர்களே. அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: முதல் கோப்பை, கரைத்தவருக்கு.

இன்று அந்தக் கிராமத்தில் கூட்டம் தொடங்குமுன் ஒருவர் மலசலகூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி இருக்கு, கொண்டி இருக்கு” என்று சபையில் உரத்துச் சொல்வார். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. அன்று என்னைக் கேட்ட அம்மா போன மாதக் கூட்டத்தில் இரண்டாவது கோப்பையையும் வாங்கிக் குடித்துவிட்டு, “புளி கொஞ்சம் காணாது மனே” என்றார்.

உங்கள் ஊரில் அடுத்த கூட்டத்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, தேசிக்காய்க்கு மேலே கதவுக் கொண்டியையும் வாளியையும் எழுதிக்கொள்ளுங்கள்.