மாசி வீதிக்கு அம்புக்குறி எதற்கு?

சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், மதுரையைத் தனியாக நடந்தே பார்த்துவிடப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பினார். கையில் செல்பேசி, அதில் பன்னிரண்டு இடங்களுக்கு எண் போட்ட ஒரு நடைவழி. மதியம் திரும்பியவர் பன்னிரண்டும் முடிந்தது என்றார், ஏதோ பரீட்சை எழுதி வந்தவர்போல. எழுத்தாணிக்காரத் தெருப் பக்கம் போனீர்களா என்று கேட்டேன். அதற்கு எண் இல்லையே என்றார். எழுதுகிறவர், வாசிக்கிறவர்; அப்படியொரு பெயரில் ஒரு தெரு இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவரோடு சண்டைக்குப் போகவில்லை. சண்டையை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

அம்புக்குறி காட்டும் இந்த நடைவழிகள் எந்த ஊருக்கு உதவினாலும் மதுரைக்கு உதவா. ஏனெனில் வழி சொல்லும் வேலையை இந்த ஊர் நெடுங்காலமாகத் தானே செய்துவருகிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி, கடைசியில் வெளிவீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நான்கு பக்கங்கள். மேல ஆவணி மூல வீதி என்றால் பெயரின் முதற்சொல் திசையைச் சொல்லிவிடுகிறது; மீதி, கோயிலிலிருந்து எத்தனையாவது சுற்றில் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. இதைக் கற்க ஒரு காபி குடிக்கும் நேரம் போதும். அம்புக்குறியைத் தொடர்கிறவனோ ‘இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு’ என்ற கட்டளைகளை நிறைவேற்றிக்கொண்டே போகிறான். அவன் மனத்தில் ஊர் உருக்கொள்வதே இல்லை.

பெயர்களுக்குள் வரலாறும் இருக்கிறது. மாசி வீதியில் தேர் ஓடுவது சித்திரையில். மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விழா நகர்ந்துவிட்டது, வீதியின் பெயர் நகரவில்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்ததில் பிறந்தவை வெளிவீதிகள். அந்தக் காலத்து மனிதர்கள்தாம் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் பெயராக நிற்கிறார்கள். பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது விளக்குத்தூண். இடித்ததில் மிஞ்சிய கொத்தளம் ஒன்று பெரியார் பேருந்து நிலையத்தருகே இருக்கிறது. பேருந்துக்கு ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நண்பரின் பன்னிரண்டிலும் அது இல்லை.

மகால் இருந்தது, ஐந்தாம் எண்ணாக. சீட்டு வாங்கி உள்ளே போய்த் தூண்களைப் படமெடுத்து வெளியே வந்துவிடலாம். ஆனால் நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் சிறு பகுதி மட்டுமே. அங்கிருந்து நவபத்கானா தெருவைக் கேட்டு நடந்து, ஜவுளிக் கடைகளின் நெரிசலுக்குள் பத்துத்தூண் சந்தைத் தேடிப் பிடித்து, அந்த ராட்சதத் தூண்களின் கீழே நின்றால்தான் அழிந்துபோன அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது காலுக்குத் தெரியும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் இந்தத் தூரத்தைத்தான் எண்ணிட்ட நடைவழி, கடக்க வேண்டிய தொல்லையாக நினைக்கிறது.

வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல மூலைகளில் தெருப்பெயர்ப் பலகை கடைப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. இருபது வீதிகளின் மூலைகளிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காகப் பெயர் எழுதிவைக்க என்ன பெரிய செலவாகிவிடும்? அதைக் கேட்க ஆளில்லை. புதுச் செயலி என்றால் மட்டும் ஆள் சேர்ந்துவிடுகிறது.

உண்மையில் என் கோபம் செயலியின் மீது அல்ல. மதுரையின் முதல் வழிகாட்டி கோபுரம். நான்கு வெளிக்கோபுரங்களில் உயர்ந்தது தெற்கு. வடக்குக் கோபுரத்தை, மேல்தளங்கள் முடியாமல் பலகாலம் நின்றதால், இன்றும் மொட்டைக் கோபுரம் என்கிறோம். ஒன்று கண்ணில் பட்டால் போதும், இருக்குமிடம் பிடிபட்டுவிடும். அந்தப் பார்வையைக் காக்கத்தான் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. இன்று மாசி வீதிகளில் நின்று அண்ணாந்து பாருங்கள். பல இடங்களில் தெரிவது விடுதியின் பெயர்ப்பலகையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும்தான். உயரம் மீறிய கட்டடங்கள்மீது நீதிமன்றம்வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் பாரம்பரிய நடை என்று துண்டறிக்கை அடிக்கிறவர்கள், கோபுரம் ஏன் மறைந்தது என்று ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. கோபுரத்தை மறைக்கும் விடுதியின் வரவேற்பறையில்தான் அந்தத் துண்டறிக்கையே கிடைக்கிறது.

நண்பர் தை மாதம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தளத்தடியில் இறக்கிவிடுகிறேன், கோயிலுக்கு நீங்களே வந்து சேருங்கள், செல்பேசி என்னிடம் இருக்கட்டும் என்றேன். இன்னும் சம்மதித்தபாடில்லை.