இணையக் கம்பியைச் சில்வர் ஓக்கில் கட்டலாமா?

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், நீலகிரியில் பல சிறு தேயிலை விவசாயிகளின் வீடுகளில் இணையம் தங்குவதில்லை. காலையில் இருக்கும், பத்து மணிக்குப் போய்விடும், மாலையில் தானே திரும்பும். இது பொழுதுபோக்குக் கெட்டுப்போகும் சங்கடம் மட்டும் அன்று. பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலை, குன்னூர் ஏலத்தின் போக்கு, மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு விலை, 2018-இல் வந்த உழவன் செயலி, உதவித் தொகைக்கான ஆதார் சரிபார்ப்பு எல்லாமே இன்று அந்த ஒரு கம்பியை நம்பியிருக்கின்றன.

புகார் செய்தால், "பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்பதே முதல் பதில். சில வேளை அது பலிக்கும். ஆனால் கோளாறு எங்கே என்று பாராமல் அணைத்து அணைத்துப் போடுவது, வேரில் நோய் இருக்க இலைக்கு மருந்து தெளிப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை இணைப்பாயின், எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வீடு வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை. அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் தடுமாறினால், கைப்பேசியுடன் பெட்டியின் அருகிலேயே நின்று பார்க்க வேண்டும். அங்கே நன்றாக வந்து பின்கட்டில் வராவிட்டால் குற்றம் வெளிக்கம்பியில் இல்லை. பழைய வீடுகளின் கற்சுவரும் தகரத் தடுப்பும் வைஃபை அலையைத் தடுத்துவிடுகின்றன. பெட்டியை நடு அறையில் உயரமாக வைப்பது நலம். இரண்டு அலைகள் தரும் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தூரம் போகாது.

மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் பெட்டி அணைந்து, மீண்டும் நிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குபவை. பெட்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரு சிறிய பாட்டரிச் சாதனம் வைத்தால் இத்தொல்லை பெரிதும் தீரும். இடி மின்னல் காலத்தில் மின்செருகியைக் கழற்றிவிடுவதே நல்லது.

இன்னும் செம்புக் கம்பியில் இணையம் பெறுவோர், தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கலாம். மூடுபனி நாளில் கரகரவென்று கேட்டால் எங்கோ இணைப்பில் ஈரம் இறங்கியிருக்க வாய்ப்புண்டு.

இனி வெளிக்கம்பி. பல இடங்களில் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களையே கம்பமாக்கிக் கண்ணாடி இழையைக் கட்டிவிடுகிறார்கள். மரம் காற்றில் ஆடுகிறது, ஆண்டுதோறும் பருக்கிறது. இறுகக் கட்டிய இடத்தில் இழை மடிந்து ஒளி கசிகிறது. போதாக்குறைக்குக் குரங்குகள் வேறு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட பேய்மழைக்கு எந்தக் கம்பியும் ஈடுகொடுக்காது என்பது நியாயம். சாதாரண ஆடிக் காற்றுக்கே அறுவது நியாயமன்று. அது இழுத்தவர்களின் சிக்கனம். மாதக் கட்டணம் முழுதாக வாங்குபவர்கள் கம்பமும் நட வேண்டும்.

தனித்தனியே கத்திப் பயனில்லை. இணையம் போன தேதி, நேரம், அப்போது காற்றா, மழையா, மின்தடையா என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் இரண்டு வாரத்தில் காரணம் தானே தெரியும். ஒரே கம்பியில் உள்ள பத்து வீட்டார் குறிப்பையும் சேர்த்துப் புகார் செய்து, புகார் எண்ணைத் தவறாமல் வாங்க வேண்டும். தீராவிட்டால் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கு அந்தப் புகார் எண் கையில் இருக்க வேண்டும்.