முகத்துக்கு நாள் குறிப்பவர் யார்?

திருமணம் என்றால் மண்டபத்துக்கு நாள் குறிக்கின்றோம். கூறைக்கும் தாலிக்கும் நாள் பார்க்கின்றோம். அண்மைக் காலமாக மணமக்களின் முகத்துக்கும் அதே நாட்காட்டியில் நாள் குறிக்கும் வழக்கம் எம்மவர் மத்தியில் வேரூன்றி வருகின்றது. 'மணமகள் பொதி' என்ற பெயரில் இரசாயனத் தோலுரிப்பு, லேசர், ஊசி, பிளீச், பேசியல் அனைத்தையும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அடுக்கிக் கழிவு விலையில் விற்கும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. தனித்தனியே எடுத்துக்கொண்டால் இவற்றிற் பல, பயிற்சி பெற்றவர் கையில் ஓரளவு பாதுகாப்பானவையே. ஒன்றின் காயம் ஆறுமுன் அடுத்ததைச் செய்வதே ஆபத்து. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று எம் முன்னோர் சொன்னதை இங்கு பணம் கொடுத்துச் செய்விக்கின்றோம்.

இச்சிகிச்சைகளில் பெரும்பாலானவை திட்டமிட்டுச் செய்யப்படும் சிறு காயங்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அமிலம் பூசித் தோலை உரிப்பதும், லேசரால் சுடுவதும், நுண்ணூசிகளால் துளையிடுவதும் காயம் ஏற்படுத்தும் முறைகளே. அக்காயத்தை உடல் ஆற்றும்போது கிடைக்கும் புதுத் தோலே நாம் பணம் கொடுத்து வாங்கும் பயன். ஆகவே காத்திருக்கும் நாட்கள் சிகிச்சைக்கு இடையில் வரும் வெற்று நாட்கள் அல்ல. சிகிச்சையின் பாதி அந்த நாட்களிலேயே நடைபெறுகின்றது. மேற்றோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 4 வாரங்கள் எடுக்கும். வயது ஏற ஏற இக்காலம் நீளும். மேலோட்டமான தோலுரிப்புகளுக்கிடையே 2 முதல் 4 வாரங்களும், நுண்ணூசிச் சிகிச்சைகளுக்கிடையே 4 முதல் 6 வாரங்களும் இடைவெளி விடப்படுவது இதனாலேயே. ஆழமான தோலுரிப்புக்கும் தோலைச் சீவும் லேசருக்கும் பின்னர் இதைவிடக் கூடுதலான காலம் தேவை.

ஊசிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. போடொக்ஸ் எனப் பலரும் அழைக்கும் பொட்டுலினம் நச்சு, ஊசி ஏற்றிய சில நாட்களின் பின்னரே வேலை செய்யத் தொடங்கும்; முழுப் பயனும் தெரிய ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாளில் "ஒன்றும் தெரியவில்லையே" என்று மேலும் ஊசி போடுவிப்பவர், முதல் ஊசியின் பயனையே இன்னும் காணாதவர். ஊசி ஏற்றிய அன்றே முகத்தைப் பிசைந்து பேசியல் செய்வித்தால் மருந்து அயற் தசைகளுக்குப் பரவி இமை தொங்கக்கூடும். அது சீராகப் பல வாரங்கள் செல்லலாம். நெற்றிச் சுருக்கங்களுக்கான இம்மருந்தை 3 மாதங்களுக்கு முன்னர் மீண்டும் ஏற்றலாகாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி.

பில்லர் எனப்படும் நிரப்பி ஊசி இன்னும் கவனத்துக்குரியது. அது தவறுதலாக இரத்தக் குழாயினுள் சென்று அடைத்தால் தோல் அழுகும். அரிதாகக் கண்பார்வையே பறிபோகும். கடும் வலியும், தோல் வெளிறிப்போவதும், திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும் அதன் எச்சரிக்கைக் குறிகள். அவற்றைக் கண்டவுடன் மணிக்கணக்கில் தாமதியாமல் சிகிச்சை தொடங்கவேண்டும். மூன்று நாட்களுக்கு முன் சுட்ட லேசரால் ஏற்கெனவே சிவந்து வீங்கியிருக்கும் முகத்தில் அந்தக் குறிகளை எவர் பிரித்தறிவார்?

எம்மைப் போன்ற கருநிறத்தோருக்கு இங்கு தனியானதோர் எச்சரிக்கை உண்டு. தோலின் வகைகளைப் பிரித்தறிய இன்றும் பயன்படும் ஃபிட்ஸ்பற்றிக் அளவுகோல் 1975இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் ஃபிட்ஸ்பற்றிக்கினால் உருவாக்கப்பட்டது. அது முதலில் வெள்ளைத் தோலைக் கருத்திற்கொண்டே அமைந்தது. பழுப்பு, கறுப்பு நிறத் தோல்களுக்குரிய வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. எமது தோல் காயப்பட்டால் நிறமிகளை அதிகமாகச் சுரந்து அவ்விடத்தைக் கருமையாக்கும் இயல்புடையது. அக்கருமை மறைய மாதங்கள் செல்லும். சிலருக்கு ஆண்டுகளும் செல்லும். முதற் காயத்தின் அழற்சி அடங்குமுன் இரண்டாவது காயத்தை ஏற்படுத்துவது இந்தக் கருமையை வலிந்து அழைப்பதாகும். நிறம் கூட்டச் சென்றவர் கரும்படலத்துடன் திரும்புகின்றார். அதைப் போக்கவும் அதே நிலையம் இன்னொரு பொதியை விற்கின்றது. இந்தச் சுழலையே நான் கண்டிக்கின்றேன்.

இதை நியாயப்படுத்துவோர் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். "மேல்நாட்டில் வைத்தியர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்கின்றார்களே" என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அங்கு அந்த முகத்தின் முழு வரலாற்றையும் அறிந்த ஒருவரே எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்று தீர்மானிக்கின்றார். இங்கு நடப்பதோ வேறு. லேசர் ஓரிடம், ஊசி வேறிடம், பிளீச் வீட்டுக்கு அருகிலுள்ள அழகு நிலையம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

"காத்திருப்பு எல்லாம் வீண் பயம்" என்பது மற்றொன்று. சில இடைவெளிகள் அளவுக்கு மீறி வகுக்கப்பட்டிருந்தன என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொண்டவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று முன்னர் கூறப்பட்டது. 2017இல் அமெரிக்கத் தோல் வைத்திய நிபுணர்கள் ஆதாரங்களை மீளாய்வு செய்து, மேலோட்டமான தோலுரிப்பு போன்றவற்றுக்கு அந்தத் தாமதம் அவசியமில்லை என்றனர். எனினும் இயந்திரத்தால் தோலைத் தேய்த்தெடுப்பதற்கும், மேற்றோல் முழுவதையும் சீவும் லேசருக்கும் தடை நீடிக்கவேண்டும் என்றே கூறினர். காலத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் ஆதாரத்தின் வேலை. மண்டபக் காரரின் வேலை அல்ல.

"கேட்பவர்களே அவர்கள்தான்" என்பது மூன்றாவது. கேட்பவர் எல்லாவற்றையும் கேட்பார். மறுக்கத் தெரிந்தவரையே நாம் நிபுணர் என்கின்றோம்.

சட்டம் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. 2013இல் இங்கிலாந்தில் சேர் புரூஸ் கியோ தலைமையில் வெளியான அறிக்கை, அறுவையற்ற அழகுச் சிகிச்சை பெறுபவருக்கு, ஒரு குமிழ்முனைப் பேனாவோ பற்தூரிகையோ வாங்குபவருக்கு உள்ளதைவிடக் கூடுதலான பாதுகாப்பு இல்லை என்று சாடியது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அழகுக்காக இந்த ஊசிகளை ஏற்றுவதைத் தடுக்கும் சட்டம் அங்கு 2021 ஒக்ரோபரிலேயே நடைமுறைக்கு வந்தது. உரிமமுறை ஏற்படுத்தும் அதிகாரம் 2022இல்தான் அரசுக்குக் கிடைத்தது. வளம் மிக்க ஒரு நாட்டில், எச்சரிக்கை கிடைத்த பின்னரும் இத்தனை ஆண்டுகள் சென்றன.

ஆகவே, திருமண வீட்டாருக்கு நான் சொல்வது இதுதான். பின்னிருந்து எண்ணுங்கள். தோலுரிப்பு, லேசர் ஆகியன வேண்டுமானால் மாதங்களுக்கு முன்னரே தொடங்கி, கடைசி அமர்வு திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் முடியட்டும். ஊசிகளும் அவ்வாறே ஒரு மாதத்துக்கு முன் முடியவேண்டும். வீக்கம் வடியவும், குறையிருந்தால் வைத்தியர் பார்த்துத் திருத்தவும் அவகாசம் வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் முகத்தில் புதிதாக எதையும் செய்விக்க வேண்டாம். புதிய களிம்புகூட வேண்டாம். வெயிலிற் செல்வதானால் சூரியத் தடுப்புக் களிம்பு அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கதிரையில் அமர்ந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். "இந்த முகத்துக்குக் கடைசியாக என்ன செய்யப்பட்டது? எப்போது? என்ன மருந்து எடுக்கின்றீர்கள்?" என்று எதிரே நிற்பவர் கேட்கின்றாரா? கேட்டதை எழுதி வைக்கின்றாரா? இல்லையெனில், முற்பணம் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவேண்டும் என்பது சோற்றுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. கழிவு விலையில் கிடைத்த இலாபம், கண்ணாடியில் நாள்தோறும் பார்க்க நேரும் ஒரு தழும்புக்கு ஈடாகாது.