கலகம் மூளுமுன்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஜாதிக் கொலை நடந்துவிட்டால், அதன் பின்னர் நடப்பவையெல்லாம் ஒழுங்காகவே நடைபெறும். போலீஸ் படை வந்திறங்கும்; அதிகாரிகள் சமாதானக் கூட்டம் கூட்டுவார்கள்; தலைவர்கள் அறிக்கை விடுவார்கள். கொலைக்கு முந்திய நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9-ந் தேதி இரவு நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றி முறையிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை, பள்ளிச் சிறுவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். முறையீட்டுக்கும் வெட்டுக்கும் இடையே இருந்த அவகாசத்தில் குறுக்கே நிற்க ஒருவருமில்லை.

அந்த அவகாசத்தில் செய்யக்கூடியது உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரில், இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த காரி ஸ்லட்கின் என்னும் வைத்தியர் 2000-ம் ஆண்டில் ஒரு முயற்சி தொடங்கினார். கொலையும் தொற்றுநோய் போன்றது. ஒன்று பழிக்குப் பழியாக மற்றொன்றை ஈனும் என்பது அவர் கொள்கை. அந்தந்தத் தெருவிலேயே வளர்ந்து, இளைஞரின் நம்பிக்கையைப் பெற்றவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, பகை முற்றுமிடத்துக்கு அனுப்பினார். பலன் எல்லா நகரங்களிலும் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் வழி தெளிவானது.

நம் ஜில்லாவில் 1990-ல் தோன்றிய மனோன்மணீயம் சுந்தரனார் சர்வகலாசாலை இருக்கிறது. அதில் குற்றவியல் துறையும் இருக்கிறது. அத்துறை, ஊர்களோடு சேர்ந்து உழைக்கும் நிலையமொன்றை நிறுவவேண்டும். எப்பள்ளியில் கைக்கயிற்றின் நிறம் சண்டை மூட்டுகிறது, எவ்வூர்க் கொடையில் தகராறு புகைகிறது என்பவற்றை அது மாதந்தோறும் குறித்து வரவேண்டும். இரு தெருவிலும் மதிக்கப்படும் ஆண் பெண் இருபாலாரையும் பழக்கி அமர்த்தவேண்டும்.

இது போலீஸாரின் வேலையன்றோ என்பர் சிலர். 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு முன்னெச்சரிக்கை நடவடிக்கையை அதிகாரிகளின் பொறுப்பில் வைத்திருப்பது மெய்யே. ஆனால் 1999 ஜூலை 23-ந் தேதி, போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதை நினைவில் வைத்திருக்கும் தெருக்கள் காக்கி உடையிடம் மனந்திறந்து பேசுமா?

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். அடிபட்டவனை வழக்கை விட்டுவிடும்படி வற்புறுத்துவது சமாதானமாகாது. கலகத்தைத் தடுப்பது நிலையத்தின் வேலை. குற்றத்தைத் தண்டிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. முன்னது பின்னதற்குத் திரையாகிவிடலாகாது.

சேரன்மாதேவி குருகுலத்தில் சில சிறுவரைத் தனிப்பந்தியில் அமர்த்திய செய்கை, 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளக்கத் தலைப்பட்டது. அதே ஆற்றங்கரை ஜில்லாவில் இன்று பந்திக்குப் பதில் கயிறு பிரிக்கிறது. பள்ளிகளில் ஜாதி அடையாளங்களை ஒழிக்கும்படி நீதிபதி சந்துரு 2024 ஜூனில் சர்க்காருக்கு அறிக்கை அளித்தார். கயிற்றை அறுக்க உத்தரவு போதும். மனத்திலுள்ள முடிச்சை அவிழ்க்க, ஊரில் தங்கி உழைக்கும் ஆட்கள் வேண்டும். சர்வகலாசாலை முன்வருமா?