சிரிப்பன்று, இசிவு

ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயாளியின் மருத்துவக் குறிப்பில் ‘ரைசஸ் சார்டோனிகஸ்’ என்னும் தொடரைச் சிலர் கண்டிருக்கலாம். ரைசஸ் என்பது சிரிப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். மற்றது சார்டீனியாத் தீவோடு இணைத்துப் பேசப்படுவது. அங்கு விளையும் நச்சுப்பூண்டை உண்டவர் சிரித்த முகத்தோடு இறப்பர் என்று பண்டைக் கிரேக்கர் நம்பினர்.

சிரிப்பு பெயரில் மட்டுமே. காயத்தின் வழியே புகுந்த கிருமியின் நச்சு, தசைகளைத் தளர்த்தும் நரம்புக் குறிப்புகளைத் தடுத்துவிடுகிறது. தாடை இறுகுகிறது, புருவம் உயர்கிறது, கடைவாய் இருபுறமும் இழுபடுகிறது. நோயாளியோ பெரும்பாலும் முழு நினைவோடு இருக்கிறார், வலியை உணர்கிறார், நாம் பேசுவதையும் கேட்கிறார். ‘சிரிக்கிறாரே, தேறிவிட்டார்’ என்று உறவினர் மகிழ்ந்து சூழ்ந்து பேசினால், அவ்வோசையே அடுத்த இசிவைத் தூண்டக்கூடும்.

ஆகவே இலத்தீன் பெயர் நூல்களில் இருக்கட்டும் (கேட்க அழகான பெயர்தான்). படுக்கையருகே நிற்போரிடம் ‘முகத்தசை இசிவு’ என்றே மருத்துவர்கள் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. சொல்லாவிடில் தயங்காது கேளுங்கள். ஒருமுறை வந்து நீங்கினாலும் இந்நோய் எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை. வீடு திரும்புமுன் தடுப்பூசி குறித்தும் கேட்டறியுங்கள்.