முதலாளிக்குச் செழிப்பு, தொழிலாளிக்குச் சோம்பலா?

எமது வர்த்தக சமூகத்தில் நீண்ட காலமாக இருந்துவரும் ஒரு விசித்திரமான கணக்கைப் பற்றி இவ்வாரம் பேச வேண்டியிருக்கிறது. காசு மேசையில் பருத்த உடலுடன் ஒருவர் அமர்ந்திருந்தால், "முதலாளி நல்ல செழிப்பாக இருக்கிறார், கடையில் பரகத் இருக்கிறது" என்கிறோம். அதே உடல்வாகுள்ள இளைஞன் ஒருவன் அதே கடைக்கு வேலை கேட்டு வந்தால், "இவன் ஏணியில் ஏறுவானா? சாப்பாட்டுச் செலவே கூடிப் போகும்" என்கிறோம். அதே உடல்வாகுள்ள ஒரு பெண் வந்தால் விண்ணப்பத்தை வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. உடல் ஒன்று, தீர்ப்பு மூன்று. மூன்றுக்கும் ஆதாரம் கிடையாது.

இது வைத்தியப் பக்கத்தில் வர வேண்டிய விடயமல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். யாருக்கு வேலை கொடுக்கிறோம், கடைக்கு வருபவரை எப்படி நடத்துகிறோம், எதை வாங்கி விற்கிறோம் என்பவை வியாபாரத்தின் அடிப்படைக் கேள்விகள். உடற்பருமன் பற்றிய எமது தவறான எண்ணம் இம்மூன்றையும் கெடுக்கிறது. அதனால்தான் இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் விதித்த 2 மணித்தியாலக் கெடுவில், எமது மக்கள் கடையையும் வீட்டையும் முதலையும் விட்டு வெளியேறினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சோனகத் தெருவிலும் ஐந்துசந்தியிலும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட சிறிய சமூகம் வேலைக்கு ஏற்ற ஒரு பிள்ளையையோ, வாசலுக்கு வந்த ஒரு வாடிக்கையாளரையோ உருவத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் அந்த நட்டத்தைத் தாங்க முடியுமா?

எண்ணம் எங்கிருந்து வந்தது?

பருமன் என்றால் செழிப்பு என்ற எண்ணம் பஞ்சத்தில் பிறந்தது. குடாநாட்டில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாது. ஆசிரியரும் வைத்தியரும் வியாபாரியும் சைக்கிள்தான் மிதித்தார்கள். சீனியும் சவர்க்காரமும் அருமையாக இருந்த நாட்களில் உடம்பில் சதை பிடித்திருப்பவர் வசதியானவராகத் தெரிந்தார். 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடப்பட்டது, 2009இல் யுத்தம் முடிந்தது. அதன் பின் சைக்கிள் மிதித்த யாழ்ப்பாணம் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளில் ஏறியது. சந்திக்குச் சந்தி பேக்கரி வந்தது. மாலைத் தேநீருடன் ரோல்ஸும் பற்றிஸும் வழக்கமாயின. உடல் மாறியது, உடலைப் பற்றிய பழைய எண்ணம் மட்டும் மாறவில்லை.

இந்த மாற்றம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. 2016ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி எமது நாட்டில் 15 முதல் 49 வயது வரையான திருமணமான பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அளவுக்கு மிஞ்சிய நிறையுடையவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் உலகில் 8 பேரில் ஒருவர் உடற்பருமன் உள்ளவர். இத்தனை கோடி மக்கள் ஒரே தலைமுறையில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? தொழில், போக்குவரத்து, உணவின் விலை ஆகியவை மாறின. அவற்றோடு உடலும் மாறியது.

பருமன் வசதியின் அடையாளம் என்பதும் இப்போது பொருந்தாது. வறிய குடும்பத்தின் தட்டில் இருப்பது எது? வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி. புத்தளத்து அகதி முகாம்களில் நிவாரணமாக வந்த உலர் உணவும் பெரும்பாலும் இத்தகையதுதான். மீனும் மரக்கறியும் பழமும் விலை கூடியவை. வயிற்றை நிரப்பும் மலிவான உணவு நிறையைக் கூட்டும், சத்தைக் கூட்டாது. இதற்கு மேல் பரம்பரை இருக்கிறது, தைராய்டு நோய் இருக்கிறது, பிள்ளைப்பேறு இருக்கிறது. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தும், நீரிழிவுக்கு ஏற்றும் இன்சுலினும் நிறையைக் கூட்டக் கூடியவை. இவற்றில் எது ஒருவருடைய கதை என்பதை மேசைக்கு அப்பாலிருந்து ஒரு பார்வையில் எவராலும் சொல்ல முடியாது.

வேலைக்குத் தேவையானது எது?

ஒருவரை வேலைக்குச் சேர்க்கும்போது முதலாளி கேட்க வேண்டிய கேள்வி, இந்த வேலைக்கு என்ன தேவை என்பதே. லொறியில் சீமெந்து ஏற்றுவதற்கு ஆள் தேவை என்றால் ஏற்றிக் காட்டச் சொல்லலாம். அங்கும் பருத்த உடலுள்ளவர் மெலிந்தவரைத் தோற்கடிப்பதை ஹாட்வெயார் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். கணக்கு எழுதுவதற்கும், பில் போடுவதற்கும், தொலைபேசியில் ஓடர் எடுப்பதற்கும், தையல் இயந்திரத்தில் அமர்வதற்கும் இடுப்பளவு எதற்கு? நேர்மை, நேரந்தவறாமை, கணக்கறிவு, இனிய பேச்சு ஆகிய நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதாக ஒன்றைப் பார்க்கிறோம்.

பெரிய நிறுவனங்களும் இந்தத் தவறுக்கு விலக்கல்ல. இந்தியாவின் அரச விமான சேவை, நிறை கூடிய பணிப்பெண்களைப் பறக்க விடாமல் நிறுத்தியது. அவர்கள் வழக்காடினார்கள். 2008இல் டில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்தது. 2009 ஜனவரியில் எயார் இந்தியா அவர்களில் சிலரை வேலையிலிருந்தே நீக்கியது. அவசர நேரத்தில் பயணிகளை விரைவாக வெளியேற்ற வேண்டிய வேலை என்பதால் உடற்தகுதி தேவை என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்தத் தகுதியை ஓடச் சொல்லியும், கதவைத் திறக்கச் சொல்லியும் சோதிக்கலாம். தராசு முள் அதைச் சொல்லாது. அந்த நிறுவனமோ ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடி 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பணிப்பெண்களின் நிறை அந்த நட்டத்துக்குக் காரணமல்ல என்பது கணக்குப் படித்த எவருக்கும் தெரியும்.

வேலை கொடுத்த பின்னும் ஒரு கடமை உண்டு. புடைவைக் கடைகளில் பெண் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்கிறார்கள். மெலிந்தவருக்கே கால் வீங்கும், பருத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் புடைவைக் கடைப் பெண்கள் போராடியதன் பின் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை கொடுக்கச் சட்டம்தான் சொல்ல வேண்டுமா? ஒரு கதிரையின் விலை, அனுபவமுள்ள ஊழியர் ஒருவரை இழக்கும் நட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இதற்கு எமக்குத் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது அன்னை ஸவ்தா (ரழி) அவர்கள், தாம் பருத்த உடலும் மெதுவான நடையும் உடையவராக இருந்ததால், சனநெரிசலுக்கு முன்னதாகவே முஸ்தலிபாவிலிருந்து புறப்பட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். ஏன் பருத்தாய் என்று கேட்கவில்லை. தாமும் அவ்வாறு அனுமதி கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பின்னர் விரும்பியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒருவரின் உடலுக்கு ஏற்ப ஒழுங்கைச் சற்றுத் தளர்த்திக் கொடுப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

வாடிக்கையாளரை விரட்டும் கடை

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் தையற்கடை என்றால் முஸ்லிம்களின் பெயர்தான் முதலில் வரும். அந்தத் தையற்காரர் எவரையும் குண்டு, ஒல்லி என்று பிரிக்கவில்லை. அளவு நாடாவை வைத்து அளந்தார், குறித்தார், வெட்டினார், தைத்தார். உடலுக்கு ஏற்ப உடுப்பு வந்தது. ஆயத்த ஆடை வந்த பின் உடுப்புக்கு ஏற்ப உடலைத் தேடுகிறோம். "ஃப்ரீ சைஸ்" என்று துண்டு ஒட்டிய அபாயா பாதிப் பெண்களுக்குப் போதாது.

அளவு இல்லாமலிருப்பது ஒரு குறை. அதைச் சொல்லும் விதம் அதைவிடப் பெரிய குறை. உள்ளே வந்த பெண்ணைப் பார்த்ததுமே கடைப் பையன் தூரத்திலிருந்து "உங்கட சைஸ் எங்களிட்ட இல்லை" என்று எல்லோரும் கேட்கக் கத்துகிறான். அவர் வாய் திறக்காமல் திரும்பிப் போகிறார். போனவர் தனியாகப் போவதில்லை. தாயும் பிள்ளைகளும் சகோதரிகளும் பெருநாளுக்கு அந்தக் கடைக்கு வரமாட்டார்கள். அந்தக் காசு கொழும்பு புறக்கோட்டைக்குப் போகும், அல்லது தொலைபேசி வழியே வேறெங்கோ போகும். எமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எல்லா அளவிலும் தைத்து அனுப்புகின்றன. எமது கடைத் தட்டில் மட்டும் பெரிய அளவு இல்லை என்றால், கேட்டு எடுக்க நாம் நினைக்கவில்லை என்பதே காரணம். பெரிய அளவை எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மெதுவாக அருகில் சென்று தைத்துத் தர முடியும் என்று சொல்லுங்கள். குடாநாட்டில் எஞ்சியிருக்கும் தையற்காரர்களுக்கும் இதில் நல்ல வருமானம் இருக்கிறது.

வெட்கத்தை விற்பது வியாபாரமா?

வாடிக்கையாளரின் வெட்கத்தையே மூலதனமாக்கும் வியாபாரமும் பெருகி வருகிறது. ஒரு மாதத்தில் 10 கிலோ குறைக்கும் தேநீர், மூலிகை வில்லை, கொழுப்பைக் கரைக்கும் பெல்ட் என்று எத்தனையோ வருகின்றன. இயற்கை மூலிகை என்று பெயரிட்ட இத்தகைய மெலிவு மருந்துகளில் சிபுற்றமின் என்ற இரசாயனம் மறைத்துச் சேர்க்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்துள்ளனர். இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்பதால் அந்த மருந்து 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத போத்தலை எமது தட்டில் வைத்து விற்கலாமா? மேலே காய்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்து விற்றவரை நபியவர்கள் சந்தையிலேயே கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பு தானிய வியாபாரிக்கு மட்டும் உரியதல்ல.

மார்க்கம் சொல்வது

குறைவாக உண்ணும்படி இஸ்லாம் சொல்லவில்லையா என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறது. வயிற்றின் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு என்ற வழிகாட்டல் எமக்குத் தெரிந்ததே. அது எமது தட்டைப் பார்ப்பதற்கு, அடுத்தவர் இடுப்பைப் பார்ப்பதற்கல்ல. எமது வலீமா விருந்துகளைப் பாருங்கள். ஸஹனைச் சுற்றி அமர்ந்தால், குறைவாக உண்பவரைக் கோபமா என்று கேட்டு இறைச்சியைத் தள்ளுகிறோம். பருத்தவர் உண்டால் மறைவில் சிரிக்கிறோம். உண்ணாவிட்டாலும் விடுவதில்லை, உண்டாலும் விடுவதில்லை.

பருமனால் நீரிழிவும் இருதய நோயும் முழங்கால் வலியும் வரக்கூடும் என்பதை இங்கு எவரும் மறுக்கவில்லை. அது வைத்தியருக்கும் அவருக்கும் இடையிலான விடயம். கேலிக்குப் பயந்தவர் மாலையில் நடக்கப் போவதையும், கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார். எமது பேச்சு நோயைத்தான் கூட்டுகிறது.

"குண்டு நானா", "பீப்பா" என்று கடை முழுவதும் பட்டப் பெயர் வைத்து அழைப்பதை நாம் நகைச்சுவை என்கிறோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப் பெயர் சூட்டுவதையும் ஸூரதுல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டிய ஒரே ஒரு வார்த்தை, கடல் நீரையே கெடுத்துவிடக் கூடியது என்று நபியவர்கள் எச்சரித்ததை அபூதாவூத் பதிவு செய்கிறார். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று சொன்னவர்களும் அவர்களே.

எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களுக்காக ஒருவரைக் கடைகளிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் ஒதுக்கலாகாது என்கிறது. உடல் நிறை அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே உயரத்தையும் நிறையையும் தனது சட்டத்தில் சேர்த்தது. நியூயோர்க் நகரம் 2023இல் சேர்த்தது. எமது பாராளுமன்றம் எப்போது சேர்க்கும் என்று தெரியாது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களை எச்சரிக்கும் தனி ஸூராவே இருக்கும் சமூகம் நாம். ஒரு கிலோ சீனியில் 10 கிராம் குறைந்தால் ஹராம் என்று அஞ்சுகிற வியாபாரி, வேலை கேட்டு வரும் மனிதரின் தகுதியில் பாதியை உருவத்தின் பெயரால் கழித்துவிடலாமா?

அடுத்த முறை ஆள் சேர்க்கும்போது வேலையின் தேவைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேர்முகப் பரீட்சையை நடத்துங்கள். கடையில் பட்டப் பெயருக்குத் தடை போடுங்கள், அந்தத் தடையை முதலாளியே முதலில் கடைப்பிடிக்கட்டும். ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் உறுதியான கதிரை ஒன்று இருக்கட்டும். பெருநாள் சரக்கு எடுக்கும்போது எல்லா அளவிலும் எடுங்கள். பெரிய முதல் எதுவும் தேவையில்லாத இந்தக் காரியங்களில் யாழ்ப்பாண முஸ்லிம் வர்த்தகர்கள் முன்மாதிரியாக இருப்பார்களா? இன்ஷா அல்லாஹ், இருக்க முடியும்.