வீரனின் உயிர் பித்தளைக் கூட்டில்!

எதிரி பாய்ந்து வருகிறான். வீரன் துப்பாக்கியின் விசையை அழுத்துகிறான். வெடிக்கவில்லை! தோட்டா உள்ளே சிக்கிக் கொண்டது. அந்த நொடியில் எத்தனை வீரம் இருந்து என்ன பயன்?

"துப்பாக்கியைத் துடைத்து வைக்கவில்லை" என்று வீரன் மீது பழி போடுவது சுலபம். ஆனால், பல சமயங்களில் குற்றம் தோட்டாவின் உருவத்திலேயே இருக்கிறது.

தோட்டா என்பது வெறும் குண்டு அல்ல. ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, கூட்டின் வாயில் குண்டு. மருந்து வெடித்ததும் குண்டு பறந்துவிடும். கூடு மட்டும் உள்ளே நிற்கும். வெடிப்பின் வேகத்தில் அது உப்பி, சுற்றுச் சுவரை அழுத்தும். பிறகு சற்றே சுருங்கும். அப்போது ஒரு கொக்கி அதை இழுத்து வெளியே எறிய வேண்டும். அடுத்த தோட்டா அந்த இடத்துக்கு வர வேண்டும்.

இங்கேதான் உருவம் வேலை செய்கிறது. சீசாவின் தக்கையைப் பாருங்கள். அது அடியில் குறுகி, மேலே அகன்றிருக்கும். கொஞ்சம் அசைந்தால் போதும், சுலபமாக வந்துவிடும். ஒரே பருமனுள்ள குச்சியைக் குழாயில் திணித்தால், கடைசி வரை உராய்ந்து கொண்டே வரும். தோட்டாவும் அப்படித்தான். முன்பக்கம் கொஞ்சம் குறுகியிருந்தால் சுலபமாக வெளியேறும்.

அதற்காக அளவுக்கு மீறிக் குறுகினாலும் ஆபத்து! காரட்டுகளைத் தடித்த பக்கம் ஒரே பக்கமாக வைத்து அடுக்கிப் பாருங்கள். வரிசை வளைந்துவிடும். தோட்டாக்களும் பெட்டிக்குள் அப்படியே வளையும்.

இதற்குப் பிரான்ஸ் கொடுத்த விலை பெரிது. 1886-ல் அந்த நாடு புகையில்லாத மருந்தில் வேலை செய்யும் புதுத் துப்பாக்கியை அவசர அவசரமாகச் செய்தது. அதுதான் லெபல் துப்பாக்கி. புதிதாகத் தோட்டா வடிவம் அமைக்க நேரம் இல்லை. பழைய பெரிய தோட்டாவின் கூட்டையே வாய்ப்பக்கம் குறுக்கிக் கொண்டார்கள். அடிப்பக்கம் பருத்து, விளிம்பு நீட்டிக் கொண்டு நின்றது. லெபலில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருந்தன. அதனால் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

1915-ல் முதல் உலக யுத்தத்தின் நடுவே, அதே தோட்டாவுக்கு 'ஷோஷா' என்ற இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார்கள். தோட்டாக்களை அடுக்கப் பிறை போல் வளைந்த பெட்டி வேண்டியிருந்தது. எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்கப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து விட்டார்கள். பதுங்கு குழியின் சேறு அந்த வழியாக உள்ளே புகுந்தது. துப்பாக்கி அடிக்கடி நின்றது. 29 ஆண்டுகளுக்கு முன் செய்த அவசரத்துக்கு, அன்று பிறந்தே இராத பிள்ளைகள் போர்க்களத்தில் விலை கொடுத்தார்கள்!

பிரிட்டன் 1888-ல் ஏற்ற .303 தோட்டாவுக்கும் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் துப்பாக்கி நின்றுவிடும். அதனால் தோட்டாவை அடுக்கும் முறையையே வீரர்களுக்குப் பழக்கினார்கள். 1962-ல் சீனாவுடன் நடந்த போரில் நம் ஜவான்கள் ஏந்தியதும் இந்தத் துப்பாக்கிதான்.

திருந்தியவர்களும் உண்டு. ஜெர்மனி 1888-லேயே விளிம்பை நீக்கி, அந்த இடத்தில் பள்ளம் வெட்டியது. கொக்கி அதைப் பிடித்துக் கொள்ளும். பிரான்சும் 1929-ல் விளிம்பில்லாத புதுத் தோட்டாவுக்கு மாறியது. ரஷ்யாவின் ஏ.கே. 47 துப்பாக்கியின் தோட்டா விளிம்பின்றி, அளவோடு குறுகியது. அந்தத் துப்பாக்கியின் பெட்டி வாழைப்பழம் போல் வளைந்திருப்பதன் ரகசியம் இதுவே. சேற்றிலும் மணலிலும் அது நின்று போவதில்லை என்று பெயர் எடுத்ததற்கு இந்த வடிவமும் ஒரு காரணம்.

மேஜை மீது அழகாக இருந்தால் போதாது. ஆயுதத்தைச் சேற்றில் போட்டுச் சோதித்த பிறகே வீரன் கையில் கொடுக்க வேண்டும். அவனிடம் நாம் உயிரைக் கேட்கிறோம். அவனை ஏமாற்றாத ஒரு பித்தளைக் கூட்டையாவது நாம் கொடுக்க வேண்டாமா?